கரண்ட் வந்துச்சா

சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. ஊரில் அவர் 'வந்துச்சா'. இளவட்டங்களுக்கு 'வந்துச்சா அண்ணன்', மளிகைக் கடைக்காரருக்கு 'நம்ம வந்துச்சா', பிடிக்காதவர்களுக்கு வெறும் வந்துச்சா. "அதோ வந்துச்சா போறாரு" என்று யாராவது கையைக் காட்டினால், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வந்தது எது, போவது யார் என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஊருக்கு வெளியே, கம்பி வேலி போட்ட சப்ஸ்டேஷனில் அவர் ஷிஃப்ட் ஆபரேட்டர். பெரிய கோபுரங்கள் வழியாக வரும் மின்சாரத்தை அங்கே அடக்கி, நான்கு லைன்களாகப் பிரித்து, நான்கு பக்கமும் அனுப்புவார்கள். அவருடைய அறையில் ஒரு மேசை, நடுவில் குழி விழுந்த நாற்காலி, ஒரு தொலைபேசி, தடை நேரங்களை எழுதத் தடித்த அட்டை போட்ட லாக் புக். லைனில் மரக்கிளை சாய்ந்தால், லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் 'டம்'மென்று விழும். லைன்மேன் போய்ச் சரிசெய்துவிட்டுக் குரல் கொடுத்ததும் பிரேக்கரைத் திரும்பப் போட வேண்டும். மற்ற ஆபரேட்டர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. இவருக்கு முடியாது. உடனே போனை எடுப்பார். மூன்றாம் லைன் பதினோரு கிலோமீட்டர் ஓடி, கல்குவாரிக்கு அப்பால் ஒரு தையல்காரம்மா வீட்டில் முடிகிறது. வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "வந்துச்சா?" என்பார். "எங்கண்ணே, ஃபேன் செத்துக் கிடக்கு" என்று அந்தம்மா சொன்னால், நடுவழியில் இன்னொரு ஃபியூஸ் போயிருக்கிறது என்று பொருள். களைத்துப் போய்த் தேநீர்க் கடையில் அப்போதுதான் உட்கார்ந்திருக்கும் லைன்மேனை மறுபடி கிளப்பி விடுவார். "வந்துடுச்சு, மெஷின் ஓடுது" என்று பதில் வரும் வரைக்கும் போனும் கையுமாகத்தான் இருப்பார். ஒவ்வொரு லைனுக்கும் இப்படி ஒரு கடைசி வீடு. அந்த நான்கு வீட்டு எண்களும் சுவரில் ஒட்டியிருந்தன. இப்படிச் செய் என்று யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. அவர் மூத்தவர் என்பதால் மற்ற ஷிஃப்ட்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே அதையே செய்தார்கள். இருபத்தெட்டு வருஷம் இப்படி ஓடியது.

"என்கிட்ட ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாரா? ஊரு பூரா வந்துச்சா, வந்துச்சா. எனக்குத் தலைவலிதான் வந்துச்சு" என்பாள் அவர் மனைவி.

மகளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. பட்டம் என்பதே அந்தப் பட்டப்பெயர். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சித்தப்பாவுக்கு அவளைக் கண்டாலே வாய் அரிக்கும். "பட்டம் எங்க பறக்குது? நூலு யாரு கையில?" என்பார். புள்ளியியல் படித்துவிட்டு, இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருந்த நகரத்தில், ஓர் ஆய்வு மையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அவள் எழுதிய அறிக்கைதான் அப்பாவைக் கவிழ்த்தது. அதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. எதையும் வேண்டுமென்று செய்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்ததால்தான் அது நடந்தது.

மையம் எடுத்துக்கொண்ட வேலை இரண்டு மண்டலங்களை ஒப்பிடுவது. அவள் பிறந்தது மலை மண்டலம். பத்து வருஷத்தில் மலைச்சரிவெல்லாம் காற்றாலை, கூரையெல்லாம் சூரியத் தகடு. எதிர்ப்பக்கம் கரை மண்டலம். அங்கே இன்னும் பழைய அனல்மின் நிலையம்தான் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் இது மின்சாரச் சங்கதியாக இல்லை, மானப் பிரச்சினையாக இருந்தது. கரைக்காரன் கரியைத் தின்றுவிட்டு லைட் போடுகிறான் என்பார்கள் மலைக்காரர்கள். காற்று லீவு போட்டால் மலைக்காரன் மெழுகுவத்தி வாங்க இங்கேதான் வர வேண்டும் என்பார்கள் கரைக்காரர்கள். ஒருவன் ஊரில் பல்பு ஃபியூஸ் போனால் மற்றவனுக்குத் திருவிழா மாதிரி. கட்சிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஊதிவிட்டன. யாரிடமும் ஒழுங்கான எண்கள் இல்லை. அந்த எண்களைத் தருவதுதான் மையத்தின் வேலை.

அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கரைப் பக்கத்துப் பையன் இருந்தான். ஜன்னலுக்கு வெளியே மரம் அசையாமல் நின்றால் போதும், "உங்க ஊருக்கு ஒரு போன் போடுங்க, எல்லாரும் இருட்டுல உக்காந்திருப்பாங்க" என்பான். அவள் சிரித்துவிட்டுக் கணினிக்குத் திரும்புவாள். திருப்பிக் கொடுக்க அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. படித்தவள் ஒரு பக்கம் சாயக் கூடாது என்பது அவளுடைய எண்ணம். பிறந்த ஊரையும் பெற்றவர்களையும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருவதற்குப் பெயர்தான் படிப்பு என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஒப்பிடுவதற்குப் பத்து வருஷ லாக் புக் தேவைப்பட்டது, ஒரு பக்கம்கூடக் கிழியாமல், ஒரு நாள்கூட விடுபடாமல். தேடியதில் கரை மண்டலத்தில் ஒரு சப்ஸ்டேஷன் கிடைத்தது. மலை மண்டலத்திலும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பட்டியலில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் காது சூடானது. எழுந்து போய் ஒருங்கிணைப்பாளரிடம், அது தன் அப்பா வேலை பார்க்கும் இடம் என்று சொல்லிவிட்டாள்.

ஒருங்கிணைப்பாளர் நல்ல பெண்மணி. சங்கடமாக இருந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றார்.

"வேண்டாம் மேடம். நானே செய்றேன். அறிக்கை வர்ற வரைக்கும் அப்பாகிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அப்படி ஒரு வாக்குறுதியை அந்த அம்மாள் கேட்கவே இல்லை. இவளாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பி வந்தபோது தன்னை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பாவின் சப்ஸ்டேஷன் லாக் புக் பக்கங்கள் புகைப்படங்களாக வந்து சேர்ந்தன, மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கால்வாசிக்கு மேல் அப்பாவின் கையெழுத்து. எண்களை அவள் முதன்முதலில் எழுதிப் பழகியதே அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான். கோடு போட்ட ஏழு, வயிறு பெருத்த இரண்டு. தடை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று ஒவ்வொன்றாகக் கட்டத்தில் ஏற்றினாள். முடிந்த நேரத்துக்குப் பக்கத்தில் எல்லாப் பதிவிலும் பொடி எழுத்தில் ஒரு 'வ' இருந்தது. கரைப் பக்கத்து லாக் புக்கில் அப்படி எதுவும் இல்லை. அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து மேசைப் பையனிடம் காட்டினாள். "'வ'ன்னா வராதுன்னு அர்த்தமா இருக்கும்" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. ஒரு போன் போட்டால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா, போடவில்லை. 'வ'வை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஏற்றினாள்.

அந்த மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவே வாயைத் திறந்தார். புக்கெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களே, அது உங்கள் ஆபீசுக்கா என்றார். ஆமாம், ஆனால் அதைப் பற்றி இப்போது பேசக் கூடாது என்றாள் அவள். "பேசக் கூடாதுன்னா பேசக் கூடாது" என்று தலையாட்டிக்கொண்டு எழுந்தவர், கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"கையெழுத்தாவது புரியுதா கண்ணு?"

 அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. என் எழுத்தை என் பொண்ணு பெரிய ஆபீசில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று மறுநாளே சப்ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கூட்டல் முடிந்து எண் வந்தது. கரை மண்டலத்து நிலையத்தில் சராசரியாக வருஷத்துக்கு முப்பத்தொரு மணி நேரம் மின்தடை. மலை மண்டலத்தில் நூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை சரிபார்த்தாள். தன் பக்கத்து எண் என்பதால் நான்காவது முறையும் பார்த்தாள், ஒரு நிமிஷத்தைக்கூடச் சலுகையாகத் தள்ளிவிடக் கூடாதே என்று. அறிக்கையை வார்த்தை வார்த்தையாக எடை போட்டு எழுதினாள். காற்றாலை, சூரியத் தகட்டின் பங்கு மலையில் எட்டு விழுக்காட்டிலிருந்து நாற்பத்தாறுக்கு ஏறியிருக்கிறது. கரையில் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஆனால் தடைகளில் பத்துக்கு ஒன்பது கம்பத்திலும் கம்பியிலும் நடந்தவை. தன்னில் ஓடும் மின்சாரம் காற்றில் பிறந்ததா கரியில் பிறந்ததா என்பது கம்பிக்குத் தெரியாது என்று எழுதினாள். கடைசி வாக்கியம் அழகாக இருக்கிறது, அறிக்கைக்கு ஆகாது என்று ஒருங்கிணைப்பாளர் அடித்துவிட்டார். மீதிப் பத்தி நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அச்சாகியது. அதை அச்சுக் கோர்த்தவராவது படித்திருப்பார் என்று நம்பலாம்.

வெளியே போனது இரண்டு எண்கள்தான். முப்பத்தொன்று, நூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் தலைப்பு: காற்றை நம்பியவர்களுக்குக் கிடைத்த இருட்டு. கரைக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, மலைப் பக்கத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். மலைக்காரர்கள், கரைக்காரன் ஆய்வு மையத்தையே விலைக்கு வாங்கிவிட்டான் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒப்பிட்டுப் பார்த்துத் தெளியட்டும் என்று கொடுத்த அட்டவணையை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தார்கள்.  பக்கத்து மேசைப் பையன் இனிப்புப் பெட்டி ஒன்றை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மலை மண்டல மின்வாரியத்துக்குப் பழி போட ஒரு தலை தேவைப்பட்டது. சப்ஸ்டேஷனுக்கு ஓர் உதவிப் பொறியாளரை அனுப்பினார்கள். இளைஞர், கெட்டிக்காரர். வந்த அன்றே பிரேக்கர் பெட்டிக்குள் இருந்த மின்னணு மீட்டரின் நினைவகத்தை இறக்கிப் பார்த்தார். பிரேக்கர் விழுந்து கிடந்த நேரம், வருஷத்துக்கு இருபத்தொன்பது மணி. லாக் புக்கிலோ நூற்றுப் பன்னிரண்டு. அப்படியென்றால் எண்பத்து மூன்று மணி நேர இருட்டை இந்த ஆள் தானாக எழுதி, மண்டலத்தின் முகத்தில் கரி பூசியிருக்கிறார் என்று முடிவாகியது. விசாரிக்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் மதியம் அம்மா போன் செய்தாள். வேலைக்குப் போன மனுஷன் பத்து மணிக்கே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். மகள் அடுத்த பேருந்தைப் பிடித்தாள்.

இப்போது பேசத் தடை இல்லை. எதிரே உட்கார்ந்து கேட்டாள். முடிந்த நேரத்தை எப்போது எழுதுவீர்கள் என்றாள். அவர் இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

"வந்ததும் எழுதுவேன்."

"பிரேக்கர் போட்டதுமா?"

"பிரேக்கர் போட்டா எனக்கு வந்துச்சு. அந்தம்மாவுக்கு வர வேணாமா?"

கடைசி வீட்டுக்காரர் வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் அவர் பேனாவைத் திறந்திருக்கிறார். அதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு 'வ'. வந்தது.  அப்பா போன் செய்வார் என்பது அவளுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். அந்தப் பெயரால் சின்ன வகுப்பில் அவளைக் கேலி செய்த பிள்ளைகளோடு சண்டை போட்டிருக்கிறாள். அது அவருடைய இரக்க குணம் என்று நினைத்திருந்தாளே தவிர, அதுதான் அவருடைய கணக்கு முறை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊரே சேர்ந்து பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்ட விஷயத்தைப் புள்ளியியல் படித்த அவள் ஒருத்திதான் விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கரை மண்டலத்துச் சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். எடுத்த ஆபரேட்டர் கலகலப்பான மனிதர். நேரத்தை எப்போது எழுதுவீர்கள் என்றதும், "பிரேக்கர் போட்ட உடனே. பின்ன நல்ல நேரம் பாத்தா எழுதுவோம்?" என்று சிரித்தார். கடைசி வீட்டுக்குக் கரண்ட் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள்.

"அது அவங்கவங்க வீட்டு விஷயம் தங்கச்சி. நாம அனுப்பிட்டோம். போய்ச் சேர்றது அதோட சமத்து."

இரண்டு புத்தகத்திலும் ஒரே தலைப்பு: முடிந்த நேரம். ஒன்றில் அனுப்பிய நேரம் இருந்தது, மற்றதில் போய்ச் சேர்ந்த நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, கழித்து, சராசரி எடுத்து, தசமப் புள்ளி வரைக்கும் சுத்தமாக எழுதிக் கொடுத்திருந்தாள். அனுப்பியதை வைத்துப் பார்த்தால் மலையும் கரையும் ஏறக்குறைய ஒன்று. போய்ச் சேர்ந்ததை வைத்துப் பார்த்தால் மலைக்கு எண் இருக்கிறது, கரைக்கு இல்லை. அங்கே கடைசி வீட்டில் யார் எவ்வளவு நேரம் இருட்டில் கிடந்தார்கள் என்று யாரும் எழுதியதே கிடையாது. மூன்று பக்கத் திருத்தம் தயார் செய்துகொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் போனாள்.

அவர் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இதை அப்போதே அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.  அப்பாவிடம் கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று நினைத்தாளா, அல்லது குழி விழுந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்தாளா? முதலாவது காரணத்தைச் சொல்வது சுலபம். அன்றிலிருந்து அவளை அரித்தது இரண்டாவது.

திருத்தம் மூன்று பக்கத்திலிருந்து மூன்று வரியாகச் சுருங்கியது. மலை நிலையத்தில் முடிவு நேரம் வேறு முறையில் எழுதப்பட்டிருந்தது, பிரேக்கர் பதிவின்படி சரியான எண் இருபத்தொன்பது என்று மட்டும் வெளியிட்டார்கள். கரையில் கடைசி வீட்டுக்குப் பதிவே இல்லை என்ற வரியையும் சேர்க்கச் சொல்லி அவள் கெஞ்சிப் பார்த்தாள். "இல்லாத தகவலைத் திருத்தத்துல எப்படிம்மா போடுறது?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

இதோடு அப்பா தப்பித்தார் என்று நினைத்தாள். நடந்தது வேறு. இருபத்தொன்பது என்ற எண் வந்ததும் மலைக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். இரண்டு மணி நேர வித்தியாசத்தில் கரையைத் தோற்கடித்துவிட்டோம், காற்றும் வெயிலும் ஜெயித்துவிட்டன என்று பேனர் வைத்தார்கள். முன்பு அறிக்கையைக் கிழித்தவர்களே இப்போது அதன் மூன்று வரியைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஜெயித்தவர்களுக்கு ஒரு துரோகியும் வேண்டியிருந்தது. நம் மண்டலத்தைப் பத்து வருஷம் இருட்டாக எழுதியது யார்? அவர் மகள் எங்கே வேலை பார்க்கிறாள்? பக்கத்து மேசையில் எவன் உட்கார்ந்திருக்கிறான்? இத்தனையும் ஊருக்குள் எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது, தெரிந்துவிட்டது.

மளிகைக் கடையில் சோப்பு வாங்கப் போனவரிடம் கடைக்காரர் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "என்ன வந்துச்சா, கரைக்காரன் பணம் வந்துச்சா?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய விஷமம் ஒன்றும் இல்லாத சிரிப்புதான். அவர் சோப்பு வாங்காமல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் பின்னால் யாராவது ஒருவர் "வந்துச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி.

வக்காலத்து வாங்க ஒரே ஆள் வந்தாள். குவாரிக்கு அப்பாலிருந்து தையல்காரம்மா இரண்டு பேருந்து மாறிப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனாள். அவர் எழுதியது பொய்யில்லை, எங்கள் வீட்டுக்கு அந்நேரத்துக்குத்தான் கரண்ட் வந்தது என்றாள். அதை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பொறியாளர் மரியாதையாகக் கேட்டார். "அவருதான் எழுதி வெச்சிருக்காரே சார்" என்றாள். "அவரு எழுதினதுதாம்மா தப்புங்கறோம்" என்றார் அவர். அந்தம்மா மறுபடி இரண்டு பேருந்து மாறித் திரும்பிப் போனாள்.

அவர் ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. பொறியாளர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, இரண்டு வழி சொன்னார். நேரத்தை எழுதியதில் தவறு நடந்துவிட்டது என்று கைப்பட ஒரு வாக்குமூலம் கொடுத்தால் கோப்பை மூடிவிடலாம், மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் மோசடி என்று விசாரணை நடக்கும். ஓய்வுபெற்ற பிறகும் அது ஓடும். அதுவரைக்கும் பென்ஷன் நிற்கும். மற்ற ஷிஃப்ட்காரர்கள் மூன்று பேரும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், மூத்தவர் சொல்லித்தான் எழுதினோம் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையை ஒட்டிய மேசையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்க வேண்டாம், வழக்கு நடத்தலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்று மகள் பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அறிக்கை எழுதினவளும் நீ, சாட்சியும் நீயா என்று கேட்டார். சரி, நீங்கள் எழுதியது தவறு என்று நீங்களே நினைக்கிறீர்களா என்று அவள் கேட்டாள்.

"நான் நினைக்கிறது கெடக்கட்டும். நீ படிச்சவ, சொல்லு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதணும்னா, யாரு மாத்திக்கணும்? அவனா, நானா?"

இருவரில் யார் மாற வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். யார் மாறப்போகிறார் என்பதும் தெரியும். அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதிக் குடு. நான் பாத்து என் கையால எழுதுறேன். எனக்கு ஆபீஸ் பாஷை வராது."

அடுப்பு மேடையிலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னாள். "எழுதட்டும், எழுதட்டும். இதுக்குத்தானே படிக்க வெச்சோம்."

அவள் எழுதினாள். எழுத்து சரளமாக வந்ததுதான் அவளுக்கே தாங்கவில்லை. 'மின்தடை முடிவுற்ற நேரத்தைப் பதிவு செய்வதில், விதிமுறைகளைச் சரிவர அறியாத காரணத்தால், என்னால் தவறு நேர்ந்துள்ளது. இப்பிழை உள்நோக்கமின்றி நிகழ்ந்தது. இதனால் மண்டலத்தின் நற்பெயருக்கு ஏற்பட்ட குறைவுக்கு மிகவும் வருந்துகிறேன்.' ஓர் இடம்கூட இடறவில்லை. நடுநிலையோடு, உணர்ச்சி கலக்காமல், யார் மேலும் பழி போடாமல் எழுத அவளுக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

அவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உதடு அசைய, இரண்டு தடவை வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்க" என்றார். பிறகு விரலை வைத்துக் காட்டினார். "இங்க தவறுன்னு போட்டிருக்க. அடுத்த வரியில பிழைன்னு போட்டிருக்க. ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்பா."

"ஒண்ணுன்னா ஒண்ணே போடு. அவங்க ரெண்டுன்னு எண்ணிக்கப் போறாங்க."

அவள் 'பிழை'யை அடித்துவிட்டு மேலே 'தவறு' என்று எழுதினாள். அவர் அந்த அடித்தலைப் பார்த்து முகம் சுளித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் தன் புத்தகத்தில் ஓர் அடித்தல் கிடையாது, பார்த்து எழுதுகிற தாளிலும் அது இருக்கக் கூடாது என்றார். அவள் இன்னொரு தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுத ஆரம்பித்தாள்.